போகாதவள்

"இந்தம்மா ஓடிப்போயிட்டா யார் பொறுப்பு?" என்று நீதிபதி கேட்டார்.

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

அனெத்தாவாவது, ஓடுவதாவது! செங்கம் ரோட்டில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் போலந்துக்காரி அவள். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியவேண்டும், வேறெதுவும் வேண்டாம். வேலூருக்கு அவள் முதல்முதலாகப் போனதே சிறைக்குத்தான்.

விசா முடிந்தும் நாட்டைவிட்டுப் போகவில்லை என்று கேஸ். நாற்பத்து மூன்று நாளாக உள்ளே இருக்கிறாள். விசாரணை எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. இன்றைக்கு ஜாமீன் மனு. உள்ளூர் ஆள் ஒருவர் பொறுப்பேற்றால் விடுவார்கள் என்று வக்கீல் மூர்த்தி சொன்னார். என் வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். நான் பர்தாவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கக்கா" என்று மூர்த்தி வாசலிலேயே மூன்று தடவை சொல்லியிருந்தார்.

அனெத்தா சுவரோரமாக, பெண் போலீஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பாதி ஆளாகியிருந்தாள்.

அரசு வக்கீல் எழுந்தார். வெளிநாட்டுக்காரர், இங்கே சொந்தபந்தம் கிடையாது, வெளியே விட்டால் தப்பிப் போய்விடுவார் என்றார்.

எனக்குத் தலை சுற்றியது. போகவில்லை என்றுதானே பிடித்தார்கள்? இப்போது போய்விடுவாள் என்று அடைத்து வைப்பதா? இது என்ன நியாயம்? மூர்த்தி வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். அவர் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

என் வாய் சும்மா இருக்குமா?

"எங்கியும் போவமாட்டாங்க சார். ஆறு வருஷமா எங்க வீட்லதான் இருக்காங்க. விசா முடிஞ்சி நாலு வருஷம் ஆச்சி, அப்பவே போவலியே! கழுத்தப் புடிச்சித் தள்ளுனாலும் இந்த ஊரத் தாண்டமாட்டாங்க."

கோர்ட்டே சிரித்தது. நல்லபடியாகச் சொல்லிவிட்டோம் என்று எனக்குப் பெருமைகூட வந்தது. மூர்த்தி மட்டும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

நீதிபதி சிரிக்கவில்லை. வெளிநாட்டவர் தங்கினால் வீட்டுச் சொந்தக்காரர்கள் போலீஸுக்கு எழுதிக் கொடுக்கவேண்டுமே, கொடுத்தீர்களா என்று மெதுவாகக் கேட்டார்.

முதல் வருஷம் கொடுத்தோம். அப்புறம் என் மகள் ரூபீனாவின் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கண்விழித்துக் கிடந்தவள் அவள். நோன்புக் கஞ்சி காய்ச்சினால் முதல் கிண்ணம் மாடிக்குத்தான் போகும். வீட்டு மனுஷியை யாராவது போலீஸில் எழுதிக் கொடுப்பார்களா? அதையும் அப்படியே சொன்னேன்.

என் பெயர், வீட்டுக்காரர் பெயர், கதவு எண் எல்லாம் கேட்டார்கள். உரக்கச் சொன்னேன். நீதிபதி வெகுநேரம் எழுதினார்.

மனு தள்ளுபடி.

அனெத்தாவுக்குத் தமிழ் புரியும். என்னைத்தான் பார்த்தாள். யா அல்லா, நான் என்ன தப்பாகச் சொன்னேன்? போவாள் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களா? உண்மையைத்தானே சொன்னேன்? வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வாசலுக்குத் திரும்பினேன்.

பெண் போலீஸ் என் கையைப் பிடித்தார்.

"நீங்க எங்கம்மா போறீங்க? உக்காருங்க."

அனெத்தா நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.