தாங்குகல்

அந்தச் சரிவில் மண் ஒரு சாண்தான். அதிலும் முக்கால்வாசி கல். அடியில் வழுக்குப்பாறை. ஒரு கல்லை இன்னொரு கல் தாங்குவதால்தான் அங்கே புல் நிற்கிறது. ஆட்டுப்பட்டிச் சுவருக்குக் கல் வேண்டுமென்றால் ஓடையிலிருந்துதான் சுமந்து வருவார்கள். சடையன் சோம்பல்பட்டு, பட்டிக்கு மேலே சரிவிலேயே ஒரு கல்லைப் பிடுங்கினான். கல் பள்ளத்துக்கு உருண்டோடியது. சரிவு மொத்தமும் முனகிக்கொண்டு நகர்ந்தது. பக்கத்தில் நின்ற அவன் மனைவி ஒச்சாயி சட்டென்று அந்தக் குழிக்குள் காலை வைத்தாள். சரிவு நின்றது.

"காலை எடுத்துராத, நீயும் சேந்து போயிருவ. ஆட்டை வெளியேத்திட்டு வந்துர்றேன்."

நாற்பது ஆடுகளையும் மலைக்கு அந்தப் பக்கம் ஓட்டிவிட்டு அவன் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. வேறு வேறு கற்களைச் செருகிப் பார்த்தான். ஒன்றும் பொருந்தவில்லை. கடைசியில் தன் காலையே அவள் காலோடு ஒட்டி நுழைத்தான்.

"மெல்ல உருவு."

உருவினாள். ஒரு பொடிக்கல் மட்டும் உருண்டது. மரத்துப்போன காலைத் தேய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அவனுடைய கம்பை எடுத்துக்கொண்டாள்.

"காலை எடுத்துராதீக. ஆட்டை மடக்கிட்டு வந்துர்றேன்."