ஓட்டிப் பார்க்க வந்தவர்கள்

“எங்க நைனா இங்கயே குந்திகினு இருக்கட்டும் அண்ணாத்த. அப்பனையே வுட்டுட்டுப் போறேன், இதுக்கு மேல இன்னா வோணும்?” மோகன் சிரித்தான்.

கிருபாகரனும் சிரித்தான். விலைக்கு வந்த வண்டியை ஓட்டிப் பார்க்கிறவர்கள் தங்கள் வண்டியையாவது ஆதார் அட்டையையாவது விட்டுவிட்டுப் போவது வழக்கம். இவர்கள் பஸ்ஸில் வந்திருந்தார்கள். அட்டையை எடுத்துவர மறந்துவிட்டதாக மோகன் சொன்னான்.

இருநூற்றைம்பது சிசி ஜப்பான் வண்டி. இரட்டை சிலிண்டர். கிருபாகரன் மனசில்லாமல்தான் அதை விற்க முடிவு செய்திருந்தான். மனைவி ஜாய்ஸுக்கு ஏழாம் மாதம். உயரமாக, கையகலமே இருந்த அந்தப் பின்சீட்டில் அவளால் ஏற முடியவில்லை. ஒரு ஸ்கூட்டர் வந்தால்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக முடியும்.

“ஆரம்பத்துல இழுவை கம்மியாத்தான் இருக்கும். எட்டாயிரம் ஆர்பிஎம் தாண்டி முறுக்குங்க, அப்பத்தான் முழிச்சுக்கும்,” என்றான். “பூஞ்சேரி கூட்டு ரோடு வரைக்கும் போய்த் திரும்பிடுங்க.”

மோகனின் அப்பா கேசவன் பின்சீட்டைப் பிடித்துக்கொண்டார். “நானும் வரேன்டா.”

“இதுல நீ குந்த முடியாது நைனா. வுழுந்துடுவ.” அவர் விரல்களை விலக்கிவிட்டு மோகன் கிளம்பினான்.

மாமல்லபுரத்திலிருந்து பூஞ்சேரி போய்வர ஒரு டீ குடிக்கும் நேரம் போதும். ஜாய்ஸ் பெரியவருக்குக் கொடுத்த டீ ஆறி ஆடை கட்டியது. மோகனின் போன் அணைந்திருந்தது.

“உன் புள்ள எங்கய்யா?” என்றான் கிருபாகரன்.

“வந்துடுவான்பா.”

“உங்க வூடு எங்க கீது?”

பெரியவர் தரையைப் பார்த்தார்.

“வாயத் தொற பெருசு. வூடு எங்க?”

கிருபாகரன் கேட்டைப் பூட்டினான். பக்கத்து வீடுகளில் தலைகள் தெரிந்தன. அவர்கள் பார்க்கவே பெரியவரின் சட்டைப் பையில் கைவிட்டான். ஒரு சீப்பும் மாத்திரை அட்டையும் கீழே விழுந்தன.

“அவர் வயசுக்காவது மரியாத குடு,” என்றாள் ஜாய்ஸ்.

“மரியாத குடுத்துத்தான் வண்டிய தொலைச்சுட்டு நிக்கறேன். அப்பனும் புள்ளையும் ஜோடி போட்டுத் திருட வந்துகீறானுங்க.”

பெரியவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

கிருபாகரன் போலீசைக் கூப்பிட போனை எடுத்தபோது வாசலில் ஹாரன் கேட்டது. அவன் நண்பன் ஜெயக்குமாரின் மினி லாரி. மேலே, கயிற்றால் கட்டிய ஜப்பான் வண்டி. முன்சீட்டில், வியர்த்துக் கொட்டிய மோகன்.

“உனக்கு மனசாட்சி கீதா மச்சான்?” இறங்கும்போதே ஜெயக்குமார் கத்தினான். “வண்டி விக்கறவன் பெட்ரோல் இல்லாமயா ஓட்டக் குடுப்ப? பூஞ்சேரியெல்லாம் தாண்டி மணமைக்கு அந்தாண்ட, கொளுத்தற வெயில்ல, கல்பாக்கம் பாத்துத் தள்ளிகினு போயிகினு இருந்தாரு. நம்ம வண்டியாச்சேன்னு நிறுத்தி ஏத்திகினு வந்தேன்.”

“பங்க் தேடினேன் அண்ணாத்த. போன்ல சார்ஜ் இல்ல,” என்றான் மோகன். “ரிசர்வ்ல போடலாம்னு டாங்குக்கு அடியில தடவுறேன், குழாயையே காணோம்.”

“இஞ்செக்‌ஷன் வண்டிக்கு ஏதுப்பா ரிசர்வ்? லைட்டு எரிஞ்சா பங்குக்குப் போ, அவ்ளோதான்.” ஜெயக்குமார் சிரித்தான். பக்கத்து வீட்டுக்காரர்களும் சிரித்தார்கள்.

கிருபாகரனால் சிரிக்க முடியவில்லை. காலையில் டியூப் விட்டு டாங்கிலிருந்து பெட்ரோலை எடுத்தவன் அவன்தான். யாராவது வண்டியோடு ஓடினால் தூரம் போகக் கூடாது என்று பூஞ்சேரி போய்வரும் அளவுக்கு மட்டும் விட்டுவைத்திருந்தான்.

ஜாய்ஸுக்கு அது தெரியும். “யாரையும் நம்பாத,” என்று குத்தலாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மோகனும் ஜெயக்குமாரும் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்கள். கிருபாகரன் கேட்டைத் திறந்துவிட்டான். கீழே கிடந்த சீப்பையும் மாத்திரை அட்டையையும் பொறுக்கித் துடைத்தான். பெரியவரின் முன்னால் குந்தினான். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“மன்னிச்சுக்கங்க ஐயா. நாலு பேர் பாக்க உங்களத் திருடன்னுட்டேன். நான் ஒழுங்கா பெட்ரோல் ஊத்திக் குடுத்திருந்தா உங்களுக்கு இந்த அசிங்கம் வந்திருக்காது.”

பெரியவர் துண்டை எடுத்தார். வாசலில் மகன் பேசுவது கேட்டது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஊத்தியிருந்தா அவன் திரும்பியே வந்திருக்க மாட்டான்பா.”