சூக் கிளையின் கதிரை

சூக் நகரிலுள்ள குரோவாசியக் கலாசாரச் சங்க மண்டபத்தின் நீண்ட மேசையைச் சுற்றி, கிளைக்கு ஒன்றாகக் கதிரைகள் இருந்தன. ஒரு கிளையை மூடினால் அதன் கதிரையை மேசைமேல் கவிழ்த்துவிடுவார்கள். பிறகு யாரும் இறக்குவதில்லை. லுசேர்ன், பாசல் கிளைகளின் கதிரைகள் எப்போதோ கவிழ்ந்துவிட்டன. சூக் கிளைதான் மிச்சம்.

புதிதாகத் துப்புரவுக்கு வந்த புண்ணியமூர்த்திக்கு இது தெரியாது. தரை துடைத்துக் காய்ந்ததும், எங்கும் செய்கிற பழக்கத்தில், மேசைமேல் கிடந்த எல்லாக் கதிரைகளையும் இறக்கி வைத்தார்.

"ஆர் காணும் உம்மை இறக்கச் சொன்னது?" மேற்பார்வையாளர் உருத்திரமூர்த்தி பாய்ந்துகொண்டு வந்தார். "மூடின கிளையளின்ர கதிரை அது. சூக் கிளைச் செயலாளர் மனிசி வரமுதல் ஏத்தும். இல்லாட்டி நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம்."

"முதலே சொல்லியிருந்தா இறக்கியிருப்பனோ, அண்ணை?"

"வாய் காட்டாதையும்!"

புண்ணியமூர்த்தி லுசேர்ன் கதிரையைத் தூக்கப் பார்த்தார். ஆள் இருக்கிற கதிரைபோல் கனத்தது. பாசல் கதிரையும் அப்படியே.

"வேலைக் கள்ளன்!" உருத்திரமூர்த்தி அவரைத் தள்ளிவிட்டுத் தானே இழுத்தார். கதிரை அசையவில்லை.

பின்னால் மரத்தில் மரம் இடித்தது. இருவரும் திரும்பினார்கள். சூக் கிளையின் கதிரை மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது.

வெளியே செயலாளர் அம்மா சாவியைப் போட்டுத் திருப்பினார். திரும்பத் திரும்பத் திருப்பினார். கதவு திறக்கவில்லை.