குழிக்குக் கொஞ்சம் இடப்பக்கம்

பந்து குழிக்கு மிக அருகில் கிடந்தது.

இதைப் போட்டால் அவள் ஜெயித்துவிடுவாள்.

கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு டி.வி.யையே பார்த்தாள். சோபாவின் மறுகோடியில் தாரணி காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஓர் ஆள் தாராளமாக உட்காரலாம்.

தாரணி கதிரேசனின் மகள். ஏழாம் வகுப்பு. அம்மா இறந்து நாளாகிறது. கதிரேசனைக் கட்டிக்கொண்டு அவள் இந்த வீட்டுக்கு வந்து ஒரு மழைக்காலம்தான் போயிருந்தது.

தாரணி ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிடுவாள். கேட்டால் பதில் சொல்லுவாள்.

அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை, கூட விளையாட ஆளில்லாமல், தாரணி இரண்டாவது கன்ட்ரோலரை அவள் பக்கம் நீட்டினாள்.

டி.வி.யில் விளையாடும் கோல்ஃப். அவள் நேரில் பார்த்தேயிராத ஆட்டம்.

தூரத்திலிருந்து ஓங்கி அடிப்பது சுலபமாக வந்துவிட்டது. குழிக்குப் பக்கத்தில் வந்த பிறகு மெல்லத் தட்டி உருட்ட வேண்டும். பட்டிங் என்று அதற்குப் பெயர். அதுதான் வரவில்லை. நேராகக் குழியைப் பார்த்துத் தட்டுவாள். பந்து போகிற மாதிரி போய்க் கடைசியில் மனசு மாறி வேறு பக்கம் வளையும்.

தாரணி சிரிக்க மாட்டாள். தன் முறை வரும்வரை காத்திருப்பாள்.

சிரித்திருந்தால் தேவலை.

மத்தியானங்களில், வீட்டில் யாருமில்லாதபோது, அவள் தனியாகப் பழக ஆரம்பித்தாள். குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு வந்து உட்காருவாள். திரையில் புல்லின் மேல் வெள்ளைப் புள்ளிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். ஏதோ அழகுக்கு என்று நினைத்திருந்தாள். அவை ஓடும் பக்கம்தான் சரிவு என்பது ஒரு நாள் பிடிபட்டது. வேகமாக ஓடினால் சரிவு அதிகம். குழியைப் பார்க்கவே கூடாது. புள்ளிகள் வலப்பக்கம் ஓடினால் குழிக்குக் கொஞ்சம் இடப்பக்கம், சில சமயம் நன்றாகவே இடப்பக்கம், ஒன்றுமில்லாத புல்லைப் பார்த்துத் தட்ட வேண்டும். பந்து தானாக வளைந்து வந்து விழும்.

முதல் தடவை அப்படி விழுந்தபோது, ஆளில்லாத வீட்டில் கைதட்டினாள். குக்கர் எத்தனை விசில் விட்டதென்று தெரியவில்லை. பருப்பு குழைந்துபோயிற்று.

இப்போது நன்றாகவே வந்துவிட்டது.

அதுதான் சங்கடம்.

காலையில் இதைச் சொன்னபோது கதிரேசன் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, "சின்னப் பொண்ணுதானே. ஜெயிக்க விட்டுடேன், என்ன இப்போ" என்றான்.

அப்போது அது சரியென்றுதான் பட்டது. இப்போது சரியென்றும் படவில்லை, தப்பென்றும் படவில்லை. ஜெயித்தால் தாரணி இனிமேல் ஆட்டத்துக்குக் கூப்பிட மாட்டாளோ. விட்டுக்கொடுக்கலாம். ஆனால் விருந்துக்குப் போன வீட்டுப் பிள்ளைக்குத்தானே விட்டுக்கொடுப்பார்கள். சொந்தப் பிள்ளையிடம் ஓர் அம்மா தோற்பாளா, ஜெயிப்பாளா?

தெரியவில்லை. அவளுக்குப் பழக்கமில்லை.

கட்டைவிரல் வியர்த்து வழுக்கியது.

"வேணும்னே விடாதீங்க."

தாரணி டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"காலைல அப்பா சொன்னது எனக்கும் கேட்டுச்சு."

அவளுக்கு முகம் சூடேறியது.

சரி. போட்டுவிடலாம். இனிமேல் போடுவதுதான் மரியாதை. புள்ளிகள் வலப்பக்கம் ஓடின. இடப்பக்கம் குறிவைத்தாள். மனதாரத் தட்டினாள்.

பந்து உருண்டது. வளைந்தது. குழியின் விளிம்பில் அரைச் சுற்றுச் சுற்றி, வெளியே வந்து நின்றது.

"வேணும்னேதான்."

"இல்ல தாரணி. நெஜமாவே போடத்தான் பார்த்தேன்."

"இவ்ளோ பக்கத்துல இருந்தா?"

இவ்வளவு பக்கத்திலிருந்து மத்தியானங்களில் அவள் தவறவிட்டதே இல்லை. அப்படியென்றால் விட்டது கையா, தானா? யோசிக்க யோசிக்க அவளுக்கே சந்தேகமாகிவிட்டது.

இருவரும் சமம். ஆட்டம் இன்னொரு குழிக்குப் போனது. அதில் அவள் தட்டியபோதெல்லாம் பந்து குழியைத் தாண்டி ஓடியது. தாரணி ஜெயித்தாள். திரையில் அவள் பெயரைச் சுற்றி வண்ணக் காகிதங்கள் கொட்டின.

ஜெயித்தவளின் முகமாக அது இல்லை.

கதவில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

தாரணி எட்டி ரிமோட்டை எடுத்து டி.வி.யை அணைத்தாள்.

"யாரு பாப்பா ஜெயிச்சது?" என்று கேட்டுக்கொண்டே கதிரேசன் உள்ளே வந்தான். மகளுக்குத் தெரியாமல் மனைவியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான்.

"இவங்கதான்" என்றாள் தாரணி. "நான் நல்லா தோத்துட்டேன்."

கதிரேசன் மனைவியைப் பார்த்தான். அவள் தாரணியைப் பார்த்தாள். தாரணி யாரையும் பார்க்கவில்லை.

கோபத்தில் சொல்கிறாளா? பரிகாசமா? எதுவென்று பிடிபடவில்லை. இல்லையென்று சொல்ல அவள் வாயெடுத்தாள்.

தாரணி தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். போகிற போக்கில் அவள் காலை மிதித்தாள்.

தெரியாமல் பட்டது இல்லை. சொல்லாதீங்க என்கிற மாதிரி நன்றாகவே மிதித்தாள்.

"அப்படியா?" என்றான் கதிரேசன்.

பெருவிரல் விண்ணென்று வலித்தது.

"ஆமாங்க" என்றாள் அவள்.