பிளாட்டினம் மரியாதை

"சாரி சார், ஃபிளைட் ஃபுல். ஒரு சீட்கூட இல்ல."

அடிக்கடி பறப்பவர்களுக்கு விமானக் கம்பெனி தரும் பிளாட்டினம் கார்டை எடுத்து அவன் கவுண்டரில் வைத்தான். அந்தப் பெண்ணின் முகமே மாறிவிட்டது.

"உங்களுக்கு இல்லாத சீட்டா சார்? மலிவு டிக்கெட்ல ஒருத்தர் இருக்கார். அவரை நாளைக்கு மாத்திடறோம்."

'வருஷம் பூரா வானத்துலயே குடித்தனம் பண்றீங்களே, அந்த அட்டை சோறு போடுமா?' என்று கேலி செய்யும் மனைவிக்கு உடனே போன் போட்டான்.

"பாத்தியா? அம்மா முகத்தைப் பாக்க அந்த அட்டைதான்டி உதவுச்சு!"

ஆஸ்பத்திரி வாசலில் அக்கா அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"சின்னவன் எங்கடா?"

"அவனுக்கும் எனக்கும்தான் பேச்சே இல்லியே. எனக்கெப்படித் தெரியும்?"

"அவனும் இதே ஃபிளைட்லதானே வர்றதாச் சொன்னான்!"

அக்காவின் போன் அடித்தது. கேட்டவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள்.

"அவன் சீட்டை யாரோ கார்டுக்காரனுக்குக் குடுத்துட்டாங்களாம். நாளைக்குத்தான் வருவானாம். அதுவரைக்கும் அம்மா தாங்க மாட்டாங்கடா. காலைலேர்ந்து அவனைத்தான் கேக்கறாங்க."

உள்ளே, காலடிச் சத்தம் கேட்டு அம்மா கண் திறக்காமலே கையை நீட்டினாள்.

"சின்னவனா?"

அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஆமாம்மா. சின்னவன்தான்."