உப்பு பார்க்கிறவள்

“உன்னைய நம்பி எவன் அண்டாவக் குடுப்பான்?”

குப்புராஜ் மாஸ்டர் கேட்டதும் யுவராணிக்குக் கண் கலங்கிவிட்டது. கடத்தூர் கல்யாண மண்டபத்தின் சமையல்கட்டே திரும்பிப் பார்த்தது.

அவள் அப்படி என்ன கேட்டுவிட்டாள்? “நாளையிலருந்து தனியா சமையல் எடுத்துச் செய்யலாம்னு இருக்கேங்க” என்றாள், அவ்வளவுதான்.

“தேங்கா துருவ வந்தவதானே நீ?”

துருவத்தான் வந்தாள், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால். அப்போது மாஸ்டர் ராஜா மாதிரி இருப்பார். புறங்கையில் ஒரு சொட்டு சாம்பாரை விட்டு நக்கிப் பார்த்து, “புளி போன வருஷத்துது” என்பார். பக்கத்தில் நிற்கிற யுவராணிக்கு மெய் சிலிர்க்கும். “நல்லா சாப்புடு பாப்பா, சாப்புட்டாத்தான் சமையல் வரும்” என்று அவளுக்கு அவரே பரிமாறுவார். அதெல்லாம் நல்ல காலம்.

கொரோனாவுக்கு அப்புறம் மனுஷர் மாறிவிட்டார். அண்டா பக்கமே குனிவதில்லை. “நீ பாரு, நீ பாரு” என்று எல்லாவற்றையும் அவள் தலையில் கட்டிவிட்டு, வாய் ஓயாமல் திட்டுவார். சால்வை மட்டும் அவர் தோளுக்கு. திட்டு வாங்கி வாங்கி, தனக்கு ஒன்றும் தெரியாது என்று அவளே பாதி நம்பியிருந்தாள்.

“பந்திக்கு நேரமாச்சு. சாம்பாருல உப்பு பாரு.”

“இன்னிக்கு நீங்களே பாருங்க.”

மாஸ்டர் தயங்கினார். எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்கவே, புறங்கையில் விட்டு நக்கினார்.

“ம், எல்லாம் சரியா இருக்கு. எடுங்கப்பா.”

யுவராணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாம்பாரில் அவள் இன்னும் உப்பே போடவில்லை.

வாளியோடு வந்தவர்களை நிறுத்தி, சத்தமில்லாமல் உப்பைப் போட்டுக் கலக்கி, ருசி பார்த்து அனுப்பினாள். எல்லாரும் பந்திக்குப் போன பிறகு மெல்லக் கேட்டாள்.

“எப்பருந்துங்க?”

“கொரோனாவுல போன ருசி. திரும்பவே இல்ல.” மாஸ்டர் தலை நிமிரவில்லை. “அப்பருந்து ஊரு மெச்சுனதெல்லாம் உன் கையத்தான். அது உனக்குத் தெரிஞ்சா போயிருவியேன்னுதான் திட்டிட்டே இருந்தேன்.”

அவளுக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பாவமாக இருந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நாளையிலருந்து நான் தனியாத்தாங்க செய்யப்போறேன்” என்றாள். “நீங்க எங்கிட்ட வேலைக்கு வந்துருங்க மாஸ்டர்.”