மறைவுக்கு நேரே காலியிடம்

“என் வீட்டுக்காரர் உள்ள உக்காந்து பூரி சாப்பிட்டுக்கிட்டிருக்கார். அவருக்கு எதுக்குய்யா கண்ணீர் அஞ்சலி?” என்று தேவகுஞ்சரி கத்தியது எங்கள் மாடிவரை கேட்டது. சரியாகக் கேட்காதவர்கள் வாசலுக்கே வந்துவிட்டோம்.

எதிர்வீட்டு இன்பராஜ் இணையத்தில் அஞ்சலிப் பக்கம் அமைத்துத் தருபவன். செத்தவர் பெயரை முன்னால் போட்டு ஆளுக்கொரு தனி முகவரி. ஒவ்வொன்றாக அமைக்கச் சோம்பல்பட்டு, பெயர் வருகிற இடத்தில் எந்தப் பெயருக்கும் பொருந்துகிற நட்சத்திரக்குறியைப் போட்டுவிட்டான். அதன்பிறகு யார் பெயரை அடித்தாலும், மாலை போட்ட வெற்றுச் சட்டத்தின் கீழே அந்தப் பெயரோடு பக்கம் திறந்தது. வம்புக்கு யாரோ மாசிலாமணி பெயரை அடித்து, அவர் மனைவி தேவகுஞ்சரிக்கே அனுப்பிவிட்டார்கள்.

“மறைவு தேதி காலியாத்தானேக்கா இருக்கு?”

“அப்போ நெரப்பக் காத்திருக்கியா?”

அவன் நின்ற இடத்திலேயே குறியை அழித்தான். தெருவே அவரவர் பெயரை அடித்துப் பார்த்தது. பக்கம் இல்லை என்று வந்ததும் மூச்சு விட்டது. மாசிலாமணியின் பக்கம் மட்டும் திறந்தது.

“மாத்தினது நெட்டுல எல்லா இடத்துக்கும் போய்ச் சேர ஒரு நாள் ஆகும்க்கா.”

மறுநாளும் திறந்தது. அவன் அமைத்த முகவரிகளில் அந்தப் பெயரே இல்லை. பட்டியலை மேலிருந்து கீழ்வரை எங்களுக்குக் காட்டினான்.

பிறகு மாசிலாமணியும் தேவகுஞ்சரியும் ஓசூருக்கு மகள் வீட்டோடு போய்விட்டார்கள். இன்பராஜ் திருப்பூரில் பெண் எடுத்து, மாமனாரின் பனியன் கம்பெனியில் உட்கார்ந்துவிட்டான். நான் தினமும் காபிக்கு முன்னால் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். மறைவு இன்னும் காலிதான். கையோடு என் பெயரையும் இன்னொரு தடவை அடித்துப் பார்த்துவிடலாம். விரல்தான் வருவதில்லை.